காவல் இருக்கட்டும், கணக்கைக் காட்டுங்கள்

திருப்பூரில் தொழிலைப் பற்றிப் பேச எந்த மேடை போட்டாலும் ஒரு பேச்சு தவறாமல் வரும். "பொம்பளப் புள்ளைங்களுக்கு நம்ம ஊரு மாதிரி வேற எந்த ஊருங்க வேலை குடுத்துச்சு? ஹாஸ்டல் கட்டி, வார்டன் போட்டு, சொந்தப் புள்ளைங்களாட்டம் பாத்துக்கறமுங்க." கைதட்டல் எழும். கைதட்டியவர் தம் வீட்டுப் பையனுக்குப் பெண் பார்க்கப் போகும்போது பேச்சு மாறும்: "பொண்ணு பனியன் கம்பெனிக்குப் போயிட்டிருந்துச்சுங்களா? அப்ப வேண்டாமுங்க." இந்த இருவரையும் கண்டிக்கிற எழுத்தாளரிடம் போனால் மூன்றாவதாக ஒன்று கிடைக்கும்: "பாவம், நவீனக் கொத்தடிமைகள். அவர்களை யார் காப்பாற்றுவது?"

இந்த மூன்று பேச்சுக்கும் அடியில் கிடப்பது ஒரே எண்ணம்தான். அவள் காக்கப்பட வேண்டியவள். முதலாளி காக்கிறார், ஊர் சந்தேகப்படுகிறது, எழுத்தாளர் இரங்குகிறார். அவள் என்ன வேலை செய்கிறாள், அந்த வேலைக்கு என்ன கூலி என்று மூவரில் ஒருவரும் கேட்பதில்லை. இந்தக் காவல் வாதம் முழுக்கத் தவறு என்பது என் கட்சி. சொல்பவர்களில் பலர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் இந்த வட்டாரத்தில் காவல் என்ற பேச்சு எங்கெல்லாம் நுழைந்ததோ, அங்கெல்லாம் பெண்ணின் கூலி குறைந்திருக்கிறது. அவள் வாய் அடைபட்டிருக்கிறது.

சுமங்கலித் திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் நூற்பாலைகளில் பரவிய ஏற்பாடு அது. சில இடங்களில் திருமணத் திட்டம் என்றார்கள், சில இடங்களில் கேம்ப் கூலி என்றார்கள். புரோக்கர்கள் தென்மாவட்டக் கிராமங்களுக்குப் போவார்கள். பதினெட்டு வயது ஆகாத பிள்ளைகளையும் விடவில்லை. மூன்று ஆண்டு ஆலை விடுதியில் தங்கி வேலை செய்தால், முடிவில் 30,000 ரூபாயிலிருந்து 50,000 ரூபாய்வரை மொத்தமாகக் கையில் கிடைக்கும், கல்யாணத்துக்கு ஆச்சு, நகை நட்டுக்கு ஆச்சு என்பார்கள். பெற்றோருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பிள்ளை காவலோடும் இருக்கும், காசும் சேரும். நெதர்லாந்தின் சோமோ அமைப்பும் இந்தியக் கமிட்டி ஆஃப் நெதர்லாந்தும் 2011-இல் இதைப் பற்றி விரிவான அறிக்கை வெளியிட்ட பிறகுதான் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு வியர்த்தது.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாம். 50,000 ரூபாயை 36 மாதத்தால் வகுத்தால் மாதத்துக்கு 1,400 ரூபாய்கூட வராது. பரிசு போலக் காட்டப்பட்ட அந்தத் தொகை, மாதாமாதம் அவளுக்குச் சேர வேண்டிய கூலியில் பிடித்து வைத்த காசு. வட்டியும் கிடையாது. இரண்டேமுக்கால் ஆண்டில் உடம்புக்கு முடியாமல் ஊருக்குப் போனால் அசலும் போச்சு. இதில் சட்டம் எங்கே இருக்கிறது? தொழிலாளியின் சேமிப்புக்கு வருங்கால வைப்பு நிதி இருக்கிறது. 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்கச் சொல்லும் தமிழ்நாட்டுச் சட்டம் 1981-இலேயே வந்துவிட்டது. இரண்டையும் தாண்டிப்போக, பெண்ணுக்குப் பயிற்சியாளர் என்று பெயர் வைத்தார்கள். வரதட்சணை கொடுப்பதும் வாங்குவதும் 1961 முதல் குற்றம். அந்தக் குற்றத்துக்குக் காசு சேர்த்துத் தருவதாக ஊர் ஊராகப் போய் ஆள் பிடித்தார்கள். பாதுகாப்பான விடுதி என்ற ஒன்றைக் காட்டியே இத்தனையும் நடந்தது.

விடுதி யாருக்குப் பாதுகாப்பு என்று தெரிய வேண்டுமானால், திருப்பூர் நகருக்குள் லைன் வீட்டில் குடும்பத்தோடு குடியிருக்கும் பெண்ணையும் ஆலை விடுதிப் பெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லைன் வீட்டுப் பெண்ணுக்கு அநேகமாகச் சனிக்கிழமை சம்பளம். இந்தக் கம்பெனியில் சூப்பர்வைசர் வாய் சரியில்லை என்றால், திங்கட்கிழமை அடுத்த கம்பெனி. அங்கே ஷிப்டுக்குப் பத்து ரூபாய் கூடத் தருகிறார்கள் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னால், கூட நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு போய்விடுவாள். "ஆளுங்க நிக்கறதே இல்லைங்க" என்று முதலாளிகள் புலம்புவது இவளைப் பற்றித்தான். சங்கத்தில் அவள் பெயர் இல்லாவிட்டாலும் அந்த இடமாற்றமே அவள் கையில் இருக்கும் பேரம். விடுதிப் பெண்ணுக்கு அது இல்லை. வாயிலில் செக்யூரிட்டி. செல்போன் வார்டன் கையில். ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போவதானாலும் கூட்டமாக, கூட ஒருவர் காவலுக்கு. பக்கத்து ஆலையில் என்ன கூலி என்று கேட்கக்கூட அவளுக்கு ஆள் கிடையாது. ஆள் நிற்கவில்லை என்ற முதலாளியின் பிரச்சினைக்குத்தான் விடுதி மருந்து. பெண்ணின் பயத்துக்கு மருந்து என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

சென்னை ஓ.எம்.ஆரில் ஐ.டி. கம்பெனிப் பெண்களும் விடுதியில்தான் இருக்கிறார்கள். அவர்கள் செல்போனை வார்டன் வாங்கி வைத்தால் அன்று மாலையே செய்தியாகிவிடும். படித்த பெண்ணுக்கு விடுதி என்பது தங்குமிடம். நூற்பாலைப் பெண்ணுக்கு அது காவல். இதில் சாதி எங்கே வருகிறது என்று அப்பாவியாகக் கேட்பவர்கள், நூற்பாலை விடுதிகளில் எந்தச் சாதிப் பிள்ளைகள் அதிகம் என்று ஒரு தடவை விசாரித்துப் பார்க்கலாம்.

இந்த விடுதி யோசனை கொங்கு நாட்டுக் கண்டுபிடிப்பும் இல்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து லோவல் நகரப் பஞ்சாலைகள் 1830-களிலேயே இதைச் செய்தன. பண்ணை வீட்டுப் பெண்களை அழைத்துவந்து கம்பெனி விடுதியில் தங்கவைத்தார்கள். மேற்பார்வைக்கு ஒரு வயதான அம்மாள், இரவில் நேரத்துக்குக் கதவடைப்பு, ஞாயிறு தவறாமல் தேவாலயம். பெற்றோருக்குத் திருப்தி. ஆனால் 1834-இல் கூலியைக் குறைத்தபோது அந்தப் பெண்கள் வேலையை நிறுத்தித் தெருவுக்கு வந்தார்கள். 1836-இல் விடுதிக் கட்டணத்தை ஏற்றியபோது மறுபடியும் வந்தார்கள். பிறகு பத்து மணி நேர வேலை கேட்டு மாநிலச் சட்டமன்றத்துக்கு மனு கொடுத்தார்கள். 'லோவல் ஆஃபரிங்' என்ற பத்திரிகையில் அவர்களே எழுதினார்கள். காவல் போதும், கூலியைக் குறைக்காதே என்று காக்கப்பட்டவர்களே சொல்லி இருநூறு வருஷம் ஆகப்போகிறது. பூட்டு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கும் அதே நாட்டில் சாட்சி உண்டு. 1911 மார்ச் 25 அன்று நியூயார்க் டிரையாங்கிள் தையல் ஆலையில் தீப்பிடித்தபோது வெளியேறும் கதவொன்று பூட்டியிருந்தது. 146 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் இளம்பெண்கள்.

நம் நீதிமன்றம் இந்த விஷயத்தில் ஊரைவிடத் தெளிவாக இருந்தது. 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 66-ஆம் பிரிவு, பெண்களை இரவில் வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. அதுவும் காவல்தான். 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், பெண் என்ற ஒரே காரணத்துக்காக வேலையை மறுப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று அந்தத் தடையை நீக்கியது. கூடவே இரவு வேலைக்கு நிபந்தனைகள் விதித்தது. போக்குவரத்து, தொல்லைக்கு எதிரான ஏற்பாடு, வசதிகள் எல்லாம் முதலாளியின் கடமை. உரிமை பெண்ணிடம், கடமை கம்பெனியிடம் என்பது தீர்ப்பின் சாரம். நடந்தது என்ன? இரவு ஷிப்டை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். கடமையைத் திருப்பிப் பெண் தலையிலேயே போட்டு, அவளைப் பூட்டினார்கள்.

மாதவிடாய் வலியோடு நிற்கிற பெண்ணுக்குப் பெயரில்லாத மாத்திரை கொடுத்து மிஷின் முன்னால் அனுப்புவதும் இந்தக் காவலில் அடக்கம். 2019-இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் ஃபவுண்டேஷன் தமிழ்நாட்டு ஆடைத் தொழிலில் ஏறக்குறைய நூறு பெண்களிடம் பேசி வெளியிட்ட செய்தி அது. சொந்தப் பிள்ளைக்கு அட்டை கிழித்த மாத்திரையை யாரும் கொடுப்பதில்லை.

சரி, "பெண்களுக்குப் பொறுமை அதிகம், விரல் நுணுக்கம், அதனால் செக்கிங், கைமடி, பிசிர் வெட்டுவது, ஆண்களுக்குப் பலம், அதனால் கட்டிங், நிட்டிங்" என்று இயற்கையையே சாட்சிக்கு இழுக்கிறார்களே, அதையும் பார்த்துவிடலாம். எண்பதுகளின் நடுவில் ஏற்றுமதி சூடுபிடிக்கும்வரை பவர் டேபிள் தையலில் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். 1984-இல் பஞ்சப்படிக்காக 127 நாள் நடந்த வேலைநிறுத்தம் ஆண் தொழிலாளர்களின் போராட்டமாகத்தான் ஊர் நினைவில் நிற்கிறது. அதற்குப் பிறகுதான் பெண்கள் கூட்டங்கூட்டமாக உள்ளே வந்தார்கள். இன்று ஓவர்லாக்கிலும் பிளாட்லாக்கிலும் பெண் டெய்லர் இல்லாத கம்பெனி உண்டா? ஒரு தலைமுறைக்குள் இயற்கை இப்படித் தலைகீழாக மாறாது. ஆள் தேவைப்பட்டதும் விதி மாறியது.

செக்கிங் டேபிளுக்கு அருகில் போய் நின்று பாருங்கள். பல கம்பெனிகளில் அந்த வேலை நின்றுகொண்டே செய்வது. டி-ஷர்ட்டை விரித்துக் கழுத்துப் பட்டியை இழுத்துப் பார்க்கிறாள். தோள் மூட்டில் விரலை ஓட்டுகிறாள். துணியை உள்பக்கம் திருப்பித் தையல் விட்டிருக்கிறதா, ஊசி ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பார்க்கிறாள். எண்ணெய்க் கறை, சாயத் திட்டு, ஒரு கை நீளம் ஒரு கை குட்டை எல்லாம் அந்த ஒரே ஓட்டத்தில் கண்ணில் பட்டாக வேண்டும். குறை இருந்தால் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி டேமேஜ் பக்கம் தள்ளுகிறாள். அதற்குள் அடுத்த பீஸ் கையில். பையர் ஆள் வந்து ஏ.க்யூ.எல். 2.5 என்ற தர அளவுக் கணக்கில் மாதிரி எடுத்துப் பார்க்கும்போது சரக்கு பாஸாகிறதா ரிஜெக்ட் ஆகிறதா என்பது இவள் கண்ணைப் பொறுத்தது. ரிஜெக்ட் ஆனால் கப்பல் தவறும், விமானத்தில் அனுப்ப வேண்டிவரும், அந்த ஆர்டரின் லாபமே கரையும். ஆண்டுக்குச் சுமார் 40,000 கோடி ரூபாய் ஏற்றுமதி செய்கிற ஊரின் பெயரைக் கடைசியாகத் தொட்டு அனுப்புகிற கை அது. கூலிப் பட்டியலில் அவள் டெய்லருக்கும் கட்டிங் மாஸ்டருக்கும் வெகு கீழே இருக்கிறாள். ஹெல்பர் என்று கூப்பிடுகிறார்கள். பொறுமை அவளுடைய பிறவிக் குணம் என்று சொல்லிவிட்டால், திறமைக்குக் காசு கொடுக்க வேண்டாமல்லவா?

இனி இலக்கியத்துக்கு வருகிறேன். என் மனத்தாங்கல் இங்கேதான் அதிகம்.

நூல் நூற்கும் பெண் சங்கப் பாடல்களிலேயே இருக்கிறாள். நற்றிணையில் கணவனில்லாத பெண்கள் நூற்ற மெல்லிய நூல் ஓரிடத்தில் வருகிறது. மலைமேல் தவழும் மேகத்துக்கு உவமையாக வருகிறது. நூல் அழகாக இருக்கிறது, நூற்றவள் உவமைக்குள் ஒதுங்கிவிடுகிறாள். புறநானூற்றில் ஒரு பருத்திப் பெண்டு இரவில் எழுந்து, பஞ்சின் தூசு துப்பட்டையைத் தள்ள விளக்கேற்றுகிறாள். அந்த வெளிச்சத்தில், காட்டுப்பூனைக்குப் பயந்து கத்திய கோழி சமாதானமாகிறது. அங்கே அவள் வேலை செய்கிறாள், நாமும் பார்க்கிறோம். நள்ளிரவு வேலையை இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் ஒரு புலவர் பார்த்திருக்கிறார். அனுதாபம் ஒரு சொட்டுக்கூடச் சேர்க்கவில்லை. நம் காலத்து எழுத்து அந்தப் பார்வையைத் தாண்டியிருக்கிறது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

திருப்பூர் மாவட்டத்துக்காரர் ஆர். சண்முகசுந்தரம். 1942-இல் வந்த அவருடைய 'நாகம்மாள்' கொங்கு நாவலுக்குத் தலைப்பிள்ளை. விதவையான நாகம்மாள், கொழுந்தன் சின்னப்பனிடம் நிலத்தில் தன் பங்கைப் பிரித்துக் கேட்கிறாள். கதை சின்னப்பன் கொலையில் முடிகிறது. வாசகர்களும் விமர்சகர்களும் இத்தனை காலம் எதைப் பேசினார்கள்? அவளுக்கும் கெட்டியப்பனுக்கும் இருந்த பழக்கத்தை. அவளுடைய அடங்காத்தனத்தை. அவள் கேட்ட பங்கு நியாயமா என்ற கேள்வி அநேகமாக அடிக்குறிப்பு. கணக்குக் கேட்ட பெண்ணின் நடத்தையை விசாரிக்கும் இந்தப் பழக்கம் வாசிப்பிலேயே நமக்கு ஊறியிருக்கும்போது, ஓவர்டைம் காசு கேட்ட பெண்ணைப் பற்றி மேனேஜர் என்ன பேசுவார் என்பதில் ஆச்சரியம் என்ன?

சுப்ரபாரதிமணியனின் 'சாயத்திரை' சாயக்கழிவில் நாசமான ஊரை எழுதியது. எம். கோபாலகிருஷ்ணனின் 'மணல் கடிகை' திருப்பூரின் வளர்ச்சியை நண்பர்கள் ஐவரின் வாழ்க்கை வழியாகச் சொன்னது. இரண்டும் நல்ல நாவல்கள். இந்த ஊரை இலக்கியத்தில் நிறுத்தியவை. ஆனாலும் ஊரின் ஏற்ற இறக்கத்தை நாம் பெரும்பாலும் ஆண் கண்ணால்தான் பார்க்கிறோம். பெண் வரும் இடத்தில் காதலும் ஏமாற்றமும் சீரழிவும் கூடவே வந்துவிடுகின்றன. ஒரு ஷிப்டு முழுக்க அவள் பார்த்த வேலை வருவதில்லை. ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளத்துக்கு நேரில் போய்த் தொழிலாளர்களோடு பழகி 'கரிப்பு மணிகள்' எழுதினார். உப்பு எப்படி வாரப்படுகிறது, கூலி எப்படி அளக்கப்படுகிறது, கங்காணி என்ன செய்வான் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அப்படியொரு நாவலுக்குச் செக்கிங் டேபிள் இன்னும் காத்திருக்கிறது. வேலையைத் தெரிந்துகொள்ளாமல் எழுதுகிற இரக்கத்தில் எனக்கு நம்பிக்கையில்லை. அது வார்டனின் அன்பைப் போன்றதுதான்.

பக்கத்துத் திருச்செங்கோட்டில், 2014 கடைசியிலும் 2015 தொடக்கத்திலும், பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' எங்கள் பெண்களை இழிவுபடுத்திவிட்டது என்று ஊரே கடையடைத்தது. கதையில் வரும் கற்பனைப் பெண்ணின் மானத்துக்கு அவ்வளவு கொதிப்பு. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் நாவலுக்கு எதிரான வழக்குகளைத் தள்ளியது. நூற்பாலை விடுதிகளில் உயிரும் உடம்புமாக இருந்த பெண்களைப் பற்றி அறிக்கைமேல் அறிக்கை வந்த ஆண்டுகள் அவை. அதற்காக நானறிய எந்த ஊரும் ஒரு மணி நேரம்கூடக் கடையடைக்கவில்லை.

மாலைப் பத்திரிகைகளின் பங்கைச் சொல்லாமல் விட முடியாது. கொலை, தற்கொலை எதுவானாலும், செத்தவள் பனியன் கம்பெனிக்குப் போனவள் என்றால் இரண்டாவது வரியில் "பழக்கம் ஏற்பட்டது" வந்துவிடும். வேலைக்குப் போன இடத்தில் பழக்கம் என்பது ஒரு வார்ப்பு. அதில் எந்தப் பெண்ணையும் ஊற்றலாம். இந்தச் செய்திகளைப் படித்து வளர்ந்த ஊர், கம்பெனிக்குப் போனால் பிள்ளை கெட்டுவிடும் என்கிறது. அந்தக் கெடுதலுக்கு ஊர் வைத்திருக்கும் அர்த்தம் வேறு. கம்பெனி வேனிலும் பஸ் ஸ்டாப்பிலும் வேற்றுச் சாதிப் பையனைப் பார்த்துவிடுவாள், தன் சம்பளம் தன் கையில் இருக்கும் தைரியத்தில் தானே முடிவெடுத்துவிடுவாள். பயம் அதுதான். திருப்பூர் மாவட்டத்து உடுமலைப்பேட்டையில் 2016 மார்ச் 13 அன்று பட்டப்பகலில், கடைத்தெருவில், சாதி மாறி மணந்ததற்காகச் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார், அவர் மனைவி கௌசல்யா வெட்டுக் காயத்தோடு பிழைத்தார். பெண்ணுக்கு ஊர் போடுகிற காவல் அவளைத் தீங்கிலிருந்து காப்பதற்கு என்று இன்னமும் சொல்பவர்கள் அந்தத் தேதியை ஒருமுறை நினைத்துக்கொள்ளட்டும்.

"அப்படியானால் பாதுகாப்பே வேண்டாமா? சின்னப் பிள்ளைகள், புது ஊர், ராத்திரி வேலை. எதுவும் நடந்துவிட்டால் யார் பொறுப்பு?" என்று கேட்பார்கள். எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்வி இல்லை. பதில் திண்டுக்கல்லில் இருக்கிறது. திருப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் குழுமத்தின் திண்டுக்கல் மாவட்ட ஆலை ஒன்றில் வேலை பார்த்த 20 வயதுத் தலித் பெண் 2021 ஜனவரியில் கொலையுண்டார். அந்த வழக்கில் கைதானவர் அதே ஆலையின் சூப்பர்வைசர். பார்த்துக்கொள்ளத்தான் அவருக்குச் சம்பளம். காவலுக்கு நியமிக்கப்பட்டவரிடமிருந்தே ஆபத்து வரும்போது, இன்னும் நாலு காவலரைப் போட்டு என்ன பயன்?

அங்கே பெண்கள் தலைமையில் நடக்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் கூடுதல் காவல் கேட்கவில்லை. கம்பெனியோடும், சரக்கு வாங்கும் எச் அண்ட் எம் போன்ற வெளிநாட்டு நிறுவனங்களோடும் 2022-இல் ஓர் ஒப்பந்தம் போட்டது. திண்டுக்கல் ஒப்பந்தம் என்று உலகம் அதை அழைக்கிறது. தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்கள் தேர்வாகிறார்கள். புகார் சொன்னவளைப் பழிவாங்க முடியாது. மீறினால் கம்பெனிக்கு ஆர்டரில் அடி விழும். முதல் ஆண்டிலேயே 185 புகார்கள் வந்தன. பெரும்பாலானவை ஒரு வாரத்துக்குள் தீர்ந்தன. அந்தப் பெண்களுக்கு முன்பு குறையே இல்லாமலிருந்தது என்று யாராவது சொல்வார்களா? சொல்ல இடமில்லாமல் இருந்தது. பணியிடத் தொல்லைக்கு எதிரான 2013 சட்டம், பத்துப் பேர் வேலை செய்யும் இடத்திலெல்லாம் உள்ளகப் புகார்க் குழு வேண்டும் என்கிறது. எத்தனை கம்பெனிகளில் அந்தக் குழு, பையர் ஆடிட் வரும் நாளில் சுவரில் ஒட்டும் காகிதமாக இருக்கிறது என்பது திருப்பூர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எழுதுகிறவர்களிடம் கேட்பது ஒன்றுதான். அவளுக்காக அழுவதற்கு முன் ஒரு ஷிப்டு அவள் பக்கத்தில் நின்று பாருங்கள். முதலாளிகளிடமும் சங்கங்களிடமும் கேட்பது இன்னும் எளிது. பனியன் தொழிலின் அடுத்த கூலி ஒப்பந்தத்துக்கு உட்காரும்போது, செக்கிங்கை ஹெல்பர் வேலைகளின் வரிசையிலிருந்து எடுத்துத் தையலுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். பேச்சுவார்த்தை மேசையில் செக்கிங் பெண்கள் இரண்டு பேரையாவது உட்காரவையுங்கள்.